டேங்கை எடுத்தாச்சு சரி, அடியில இருக்கற தண்ணிய யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் பங்க் மூடுனாலோ, பழைய கம்பெனி ஷெட்டுக்கு அடியில கிடந்த எரிபொருள் டேங்கைத் தோண்டி எடுத்தாலோ, அதுக்கப்புறம் நடக்கறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். குழிய மண்ணப் போட்டு ரொப்புறாங்க, மேல சமப்படுத்துறாங்க, கொஞ்ச நாள்ல இடம் கை மாறிடுது, அங்க டேங்க் இருந்ததே அக்கம்பக்கத்துல பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்காது. நான் நிலத்தடி நீர் சாம்பிள் எடுக்கற வேலைல பல வருஷமா இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், டேங்க் வெளிய வந்த அன்னிக்குத்தான் நம்ம கவனம் ஆரம்பிக்கணும். அன்னிக்கே எல்லாரும் கைய கழுவிட்டுப் போயிடுறாங்க. அதனாலதான் இந்தக் கடிதம்.

எங்க போனாலும் முதல்ல கேக்கறது இதுதான், "தண்ணில பெட்ரோல் வாடையே வரலையே, அப்புறம் என்னத்துக்கு டெஸ்ட்?" நல்ல மனுசங்க, குடும்பம் குட்டியோட அந்தத் தண்ணியத்தான் குடிக்கறாங்க, உண்மையா நம்பித்தான் கேக்கறாங்க. ஆனா மூக்கை நம்புறது ரொம்ப ஆபத்துங்க. பெட்ரோல்ல இருக்கற பென்சீன், ரத்தப் புற்றுநோய் வரவைக்கும்னு சந்தேகமில்லாம நிரூபிச்ச பொருள், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதை முதல் வகுப்புல வச்சிருக்கு. குடிதண்ணில அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அமெரிக்கால இன்னும் கறாரா 5 மைக்ரோகிராம். ஆனா நம்ம மூக்குக்கு தண்ணில பென்சீன் வாடை தெரியணும்னா லிட்டருக்கு சுமாரா 2 மில்லிகிராமாவது இருக்கணும், அதாவது 2000 மைக்ரோகிராம். வாடை தெரியறப்போ அந்த 10 மைக்ரோகிராம் அளவைவிட 200 மடங்கு தாண்டியிருக்கும். அதுக்கு முன்னாடி குடிச்ச ஒவ்வொரு சொம்புத் தண்ணியும் வாடை இல்லாத தண்ணிதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. பெட்ரோல்ல பென்சீன் 1 சதவீதம்னு வச்சுக்குவோம், பல நாட்டுல உச்ச வரம்பே அவ்வளவுதான், பழைய காலத்துப் பெட்ரோல்ல இதைவிட அதிகமாவே இருந்துச்சு. 1 லிட்டர் பெட்ரோல்ல 10 மில்லி பென்சீன், எடைக்கு 8 கிராமுக்கு மேல. அது மொத்தமும் தண்ணில கரைஞ்சு பரவுனா, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்ங்கற கணக்குல எட்டேமுக்கால் லட்சம் லிட்டர் தண்ணிய எல்லைக்குக் கொண்டு போயிடும். எல்லாம் ஒரே நாள்ல கரையாது, பாதி ஆவியாப் போகும், மண்ணு கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனா கசியறது ஒரு லிட்டரோட நிக்கறதும் இல்லையே.

டேங்க் ஒரு நாள்ல வெடிச்சு ஊத்தறது ரொம்ப அபூர்வம். பூச்சு எதுவும் இல்லாம புதைச்ச இரும்பு டேங்க் வெளிப்பக்கமா துருப்பிடிச்சு ஊசித் துளை விழும், டேங்க் நல்லா இருந்தாலும் பைப் ஜாயின்ட்டுல சொட்டும், லாரில இருந்து இறக்கறப்போ வழிஞ்சு மண்ணுல இறங்கும். தினமும் குச்சி விட்டு அளந்து கணக்கு எழுதுனாலும் சின்ன கசிவு அதுல தெரியாது, ஏன்னா சூட்டுக்கு பெட்ரோல் விரியறது சுருங்கறது, மீட்டர்ல வர்ற சின்னச்சின்ன பிசகு இதுக்குள்ளயே அந்தக் கசிவு மறைஞ்சுடும். அமெரிக்கால இது பெரிய பிரச்சனையா வெடிச்சப்புறம்தான் 1984ல சட்டம் போட்டாங்க, 1988ல விதிமுறை வந்துச்சு, பழைய டேங்கையெல்லாம் 1998 டிசம்பருக்குள்ள மாத்துங்க இல்ல மூடுங்கன்னு கெடு வச்சாங்க. அப்புறம் தோண்டத் தோண்ட வெளிய வந்தது, கசிவு உறுதியான இடங்க மட்டும் இதுவரைக்கும் 5 லட்சத்துக்கும் மேல. கணக்கெடுக்கற நாட்டுலயே இவ்வளவுன்னா, கணக்கெடுக்காத இடத்துல எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிங்க.

கசிஞ்ச பெட்ரோல் அடியில என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் கண்காணிப்பு ஏன் இவ்வளவு காலம் வேணும்னு புரியும். பெட்ரோல் தண்ணியவிட லேசு, அடர்த்தி முக்காலுக்கு பக்கம்தான். மண்ணு வழியா இறங்கி நீர்மட்டத்தத் தொட்டதும் மேல பரவி நிக்கும். அதுல இருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கமா போயிட்டே இருக்கும். இப்ப கோடைல நீர்மட்டம் இறங்குதுன்னு வைங்க, மேல நின்ன பெட்ரோலும் கூடவே இறங்கி அங்க உள்ள மண்ணையெல்லாம் நனைச்சுடும். மழை வந்து மட்டம் ஏறுனா அதுல பெரும்பகுதி மேல வராம மண்துகளுக்கு நடுவுல சிக்கி தண்ணிக்குள்ள முங்கியே கிடக்கும். இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்கி ஒரு ஆள் உயரத்துக்கோ அதுக்கும் மேலயோ மண்ணு முழுக்க பெட்ரோல் பூசுன மாதிரி ஆயிடும். டேங்கை எடுத்த குழிக்கு கீழ, பக்கத்துல, இது எல்லாம் அப்படியே இருக்கு. டேங்க்தான் போச்சு.

அதனாலதான் ஒரே ஒரு தடவை சாம்பிள் எடுத்து "சுத்தம்"னு எழுதிக் குடுக்கறத நான் ஏத்துக்க மாட்டேன். மழை முடிஞ்ச கையோட எடுத்தா பெட்ரோல் முங்கிக் கிடக்கும், போர்வெல்ல மிதக்கற பெட்ரோல் படலமே தெரியாது. அதே போர்ல கோடைல போய்ப் பாத்தா விரல் கனத்துக்கு பெட்ரோல் நிக்கும், நானே பாத்திருக்கேன், அதுக்கு முந்தின ரிப்போர்ட்டுல அந்த இடத்துக்கு ஒரு குறையும் எழுதல. 3 மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 4 தடவை, அதுவும் ஒரு வருஷத்தோட நிறுத்தாம எடுத்தாத்தான் அந்த இடத்தோட உண்மையான நிலவரம் தெரியும்.

அடுத்தது போர் எங்க போடறதுங்கறது. நிறைய பேர் நினைக்கறாங்க, பக்கத்து வீட்டு போர்வெல்ல ஒரு பாட்டில் பிடிச்சு அனுப்பிட்டா போதும்னு. வீட்டு போர் ஆழமா போகும், பல மட்டத்துல இருந்து தண்ணி வந்து கலக்கும், மேல மட்டத்துல இருக்கற பென்சீன் அதுல நீர்த்துப் போய் தெரியாமலே இருக்கலாம். அங்க தெரியுதுன்னா விஷயம் கை மீறிடுச்சுன்னு அர்த்தம். கண்காணிப்புக்குன்னு தனியா சின்ன போர் போடணும், வழக்கமா 2 இஞ்ச் பைப்தான், கீழ தண்ணி உள்ள வர்றதுக்கு கீறல் போட்ட பைப், அதச் சுத்தி மணல், அதுக்கு மேல பென்டோனைட் களிமண்ணால இறுக்கி அடைப்பு, மேல பூட்டுற மூடி. அந்தக் கீறல் போட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் இருக்கணும், மட்டம் ஏறுனாலும் இறங்குனாலும் அதுக்குள்ளயே நிக்கற மாதிரி. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, கீறல் முழுக்க தண்ணிக்கு அடில போற மாதிரி போட்ட போர நான் பாத்திருக்கேன், அதுக்குள்ள மிதக்கற பெட்ரோல் எந்தக் காலத்துலயும் வர முடியாது, ஆனா பேப்பர்ல மட்டும் "மிதக்கும் எரிபொருள் இல்லை"ன்னு ஒவ்வொரு தடவையும் அழகா எழுதியிருந்தாங்க.

தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கண்டுபிடிக்க ஒரு போர், ரெண்டு போர் பத்தாது, குறைஞ்சது 3 வேணும், ஒரே கோட்டுல இல்லாம முக்கோணமா. ஒவ்வொண்ணோட தலைமட்டத்தையும் சர்வே பண்ணி, ஒரே நாள்ல நீர்மட்டம் அளந்தாத்தான் சரிவு எந்தப் பக்கம்னு தெரியும். டேங்க் இருந்த இடத்துக்கு மேல் பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், ஒண்ணு வேணும், வெளிய இருந்து வேற எதாவது வருதான்னு பாக்க. தண்ணி போற கீழ் பக்கம் ஒண்ணு ரெண்டு. அதுக்கும் கீழ, குடிக்கற போருங்களுக்கு முன்னாடி ஒரு காவல் போர், அதுல வந்தா நமக்கு நடவடிக்கை எடுக்க கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பக்கத்துல யாராவது பெரிய மோட்டார் வச்சு நாள் பூரா இறைச்சா ஓட்டமே அந்தப் பக்கம் திரும்பிடும், அதனால ஒரு தடவை போட்ட வரைபடத்த காலம் பூரா நம்பக் கூடாது.

சாம்பிள் எடுக்கறத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா பெரும்பாலான தப்பு இங்கதான் நடக்குது, யாரும் கூட நின்னு பாக்கறதில்ல. மூடியத் தொறந்ததும் முதல்ல அளவு நாடாவ இறக்கணும், அதோட நுனி பெட்ரோலைத் தொட்டா ஒரு சத்தம், தண்ணியத் தொட்டா வேற சத்தம், ரெண்டுக்கும் இடைல உள்ளதுதான் படலத்தோட கனம். போருக்குள்ள தெரியற கனம் மண்ணுக்குள்ள இருக்கறத விட அதிகமாத்தான் தெரியும், அதை வச்சே எத்தனை லிட்டர்னு கணக்கு சொல்றவங்கள நம்பாதீங்க. அப்புறம் தண்ணிய மெதுவா, ரொம்ப மெதுவா இறைக்கணும், பிஎச், வெப்பநிலை, கடத்துதிறன், கரைஞ்ச ஆக்சிஜன் இதெல்லாம் மாறாம ஒரே எண்ணுல வந்து நிக்கற வரைக்கும். அதுக்கப்புறம்தான் 40 மில்லி கண்ணாடிக் குப்பி. உள்ள ரெண்டு சொட்டு அமிலம் ஏற்கனவே விட்டிருக்கும், கிருமிங்க பென்சீனத் தின்னுடாம இருக்க. தண்ணி வாய்க்கு மேல குவிஞ்சு நிக்கற அளவுக்கு, சலசலப்பு இல்லாம ஓரமா வழிய விட்டு நிரப்பி, அப்படியே மூடிய வச்சுத் திருகி, குப்பியத் தலைகீழாக் கவுத்து விரலால ரெண்டு தட்டு தட்டிப் பாக்கணும். உள்ள காத்துக் குமிழி மேல ஓடுச்சுன்னா அந்தக் குப்பிய ஒதுக்கிட்டு வேற குப்பி. ஏன்னா பென்சீன் சட்டுனு ஆவியாகற பொருள், அந்தக் காத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், லேப்ல தண்ணிய மட்டும் சோதிப்பாங்க, அளவு குறைச்சலா வரும். அப்புறம் ஐஸ் பெட்டி, 4 டிகிரி, 14 நாளுக்குள்ள சோதனை, யார் கைல இருந்து யார் கைக்குப் போச்சுன்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்து போட்ட தாள். சுத்தமான தண்ணி நிரப்புன குப்பி ஒண்ணும் கூடவே போயிட்டு வரணும், அதுல பென்சீன் வந்தா வழியில எங்கயோ ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சுடும்.

இப்ப இத அப்படியே பக்கத்துல வச்சுட்டு, தண்ணி பாட்டில்ல குழாய்த் தண்ணியப் பிடிச்சு, பாதி காத்தோட, ரெண்டு நாள் வெயில்ல கார்ல கிடந்து, லேப்புக்குப் போன சாம்பிள நினைச்சுப் பாருங்க. அந்த ரிப்போர்ட்ட வச்சுத்தான் பல இடத்துல "பாதிப்பு இல்லை"ன்னு முடிச்சிருக்காங்க. எனக்கு வயிறு எரியுதுங்க.

எதையெல்லாம் சோதிக்கணும்ங்கறதுலயும் கஞ்சத்தனம் நடக்குது. மொத்த எண்ணெய் அளவு மட்டும் பாத்தா போதாது. பென்சீன் வகையறா நாலையும் தனித்தனியா பாக்கணும், நாப்தலீன் பாக்கணும், ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து டேங்க்னா ஈயமும், அந்தப் பெட்ரோல்ல ஈயத்தோட கூட சேத்த எத்திலீன் டைபுரோமைடும் பாக்கணும். அந்த டைபுரோமைடுக்கு அமெரிக்கா வச்சிருக்கற வரம்பு லிட்டருக்கு வெறும் 0.05 மைக்ரோகிராம், பென்சீனுக்கு வச்சதுல நூத்துல ஒரு பங்கு, அதனால சாதாரண முறையில சோதிச்சா அது கண்ணுல படவே படாது. பெட்ரோல் நல்லா எரியறதுக்காக எம்டிபிஇங்கற ரசாயனத்தை அதுல கலந்த காலம்னா அதுவும். எம்டிபிஇ தண்ணில தாராளமா கரையும், மண்ணுல ஒட்டாது, கிருமிங்களும் லேசுல தின்னாது, பென்சீன் பாதி வழில நிக்கறப்போ இது ரொம்ப தூரம் போயிருக்கும். கலிஃபோர்னியால சான்டா மோனிகா நகரம் 1996ல இதுனாலதான் சார்னாக், ஆர்கேடியா கிணறுங்களை மூடுனாங்க, நகரத்துக்குக் கிடைச்சிட்டிருந்த தண்ணில கிட்டத்தட்ட பாதி ஒரேயடியா போச்சு, சார்னாக் தண்ணிய சுத்திகரிச்சு மறுபடி குழாய்ல விட 2010 கடைசி ஆயிடுச்சு. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கிருமிங்க எத்தனாலை முதல்ல தின்னும், அதுலயே அடில உள்ள ஆக்சிஜன் தீந்துடும், பென்சீன் பக்கம் வர்றதுக்குள்ள அது இன்னும் கொஞ்ச தூரம் நகந்திருக்கும்.

பயமுறுத்தறதுக்காக எழுதலைங்க, நல்ல செய்தியும் இருக்கு. மண்ணுக்குள்ள இருக்கற கிருமிங்களே பென்சீனைத் தின்னு தீக்கும். 1995ல கலிஃபோர்னியா டேங்க் கசிவு இடங்களை வச்சு லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் செஞ்ச ஆய்வுல, பென்சீன் கலந்த தண்ணி பெரும்பாலான இடத்துல 250 அடியத் தாண்டல. எல்லா இடத்துலயும் கோடிக்கணக்குல கொட்டித் தோண்டணும்னு அவசியம் இல்ல, சில இடத்துல இயற்கைய அதோட வேலையச் செய்ய விடலாம். ஆனா "இயற்கை பாத்துக்கும்"னு வாயால சொல்லிட்டுப் போகக் கூடாது, நடக்குதான்னு அளந்து காட்டணும். கிருமி தின்னா அங்க ஆக்சிஜன் குறையும், நைட்ரேட் குறையும், சல்ஃபேட் குறையும், கரைஞ்ச இரும்பு ஏறும், வருஷத்துக்கு வருஷம் பென்சீன் இறங்கும், காவல் போர் சுத்தமாவே இருக்கும். இதெல்லாம் எண்ணுல தெரிஞ்சா நானே சரின்னு சொல்லுவேன். தெரியலன்னா அங்க எதுவும் நடக்கல, சும்மா விட்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதே மாதிரி பம்ப் வச்சு இறைச்சு சுத்தம் பண்ண இடத்துலயும், பம்ப்ப நிறுத்துன உடனே எடுத்த நல்ல ரிசல்ட்ட கடைசி ரிசல்ட்டா எடுத்துக்கக் கூடாது, மண்ணுல சிக்குனது மறுபடி கரைஞ்சு அளவு மேல ஏறும், நிறுத்துனப்புறமும் ஒரு வருஷமாவது பாக்கணும்.

ஆவிய மறந்துட வேண்டாம். தண்ணியக் குடிக்காதவங்களுக்கும் இது வரும், அடித்தளத்து ரூம், லிஃப்ட் குழி, கேபிள் போற பைப் வழியா பெட்ரோல் ஆவி மேல ஏறி கட்டடத்துக்குள்ள வரும். அதனால அந்த இடத்துல கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள இருக்கற காத்தையும் சோதிக்கணும்.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கறது என்னன்னா, ஒழுங்கா போட்ட கண்காணிப்பு போருங்களையே இடத்த சமப்படுத்தறப்போ ஜேசிபி விட்டு புதைச்சுடறாங்க. போன தடவை சாம்பிள் எடுத்த இடத்துக்கு அடுத்த தடவை போனா மேல கான்கிரீட். அதுல ரெண்டு நஷ்டம், ஒண்ணு இத்தனை காலம் சேத்த கணக்கு அறுந்து போச்சு, இன்னொண்ணு ஒடைஞ்ச பைப் வழியா மேல உள்ள அழுக்கு நேரா அடித்தண்ணிக்கு இறங்கும். போர் தேவை இல்லன்னு முடிவானா சிமெண்டும் பென்டோனைட்டும் கலந்து கீழ இருந்து மேல வரைக்கும் முறையா அடைச்சு, அடைச்சதுக்கு ரெக்கார்டு வைக்கணும். முடிவாகற வரைக்கும் இடம் யார் கைக்கு மாறினாலும் அந்த போரைத் தொடக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதணும். செலவு டேங்க் வச்சு சம்பாதிச்சவங்களோடது. வாங்கறவங்க தலைலயோ பக்கத்து வீட்டுக்காரங்க தலைலயோ கட்டறது நியாயமே இல்ல, டேங்கை எடுக்க அனுமதி குடுக்கறப்பவே கண்காணிப்புக்கான பணத்தைத் தனியா கட்டி வைக்கச் சொல்லணும். ரிசல்ட் வந்ததும் அக்கம்பக்கத்துல போர் வச்சிருக்கற எல்லாருக்கும் நேரடியா குடுக்கணும், கேட்டு அலைய விடக் கூடாது.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி இடத்தப் பத்தி செய்தி போடறப்போ "ஆய்வில் மாசு கண்டறியப்படவில்லை"ன்னு ஒரே வரியோட முடிச்சுடாதீங்க. எந்த மாசம் எடுத்த சாம்பிள், நீர்மட்டம் எத்தனை அடில இருந்துச்சு, எத்தனை போர்ல எடுத்தாங்க, அதுல கீழ் பக்கம் எத்தனை, கீறல் எந்த ஆழத்துல இருக்கு, அந்த லேப் குறைஞ்சபட்சம் எவ்வளவு பென்சீன் இருந்தா கண்டுபிடிக்கும்னு கேட்டுப் போடுங்க. லேப்போட கருவி லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ பாக்காதுன்னா, 40 இருந்தாலும் "கண்டறியப்படவில்லை"ன்னுதான் எழுதுவாங்க, குடிக்கறதுக்கான அளவு 10தான். சம்பந்தப்பட்டவங்க இந்த விவரத்தைத் தரலைன்னா, கேட்டோம் தரலைன்னு அதையும் சேத்தே செய்தில போடுங்க.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் சாம்பிள் எடுக்கும் ஒரு வாசகர்